பறையைக் காய்ச்ச ஸ்டுடியோவில் நெருப்பு ஏது?

சேத்தூர், ராஜபாளையம் பக்கம் கோயில் பொங்கலில் நையாண்டி மேளம் கேட்டவர்களுக்கு இது தெரிந்திருக்கும். அடி நிதானமாகத்தான் தொடங்கும். ஆட்டம் சூடுபிடிக்கப் பிடிக்க வேகமும் ஏறும். எவ்வளவு ஏற வேண்டும் என்று யாரும் எழுதி வைப்பதில்லை. ஆடுகிறவரின் காலையும் கூட்டத்தின் விசிலையும் பார்த்து மேளக்காரர்களே முடிவு செய்துகொள்வார்கள்.

அதே கலைஞரை ஸ்டுடியோவில் உட்கார வைத்தால்? காதில் ஹெட்போன். அதற்குள் 'டிக், டிக்' என்று ஒரே சீராக ஓர் ஓசை. ஒரு அடிகூட அதை முந்தக் கூடாது. முந்தினால், பிறகு தனித்தனியாகப் பதிவாகும் கிடாரும் குரலும் ஒட்டாது. பறை என்றால் இன்னொரு சிக்கல். வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சினால்தான் அது கணீரென்று பேசும். ஏசி அறையில் தீ மூட்ட யார் விடுவார்கள்?

தெருவின் ஓசையை மேடைக்கும் ஒலிப்பதிவுக்கும் கொண்டுவந்த குழுக்களில் முக்கியமானது 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்'. இயக்குநர் பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், இசையமைப்பாளர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து உருவாக்கியது. 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை. 19 பேர். சாவு வீட்டுக் கானாவில் கேட்ட தாளம், பக்கத்திலேயே எலெக்ட்ரிக் கிடார், நடுவே ராப். பாடியதோ இடஒதுக்கீட்டையும் மாட்டுக்கறியையும். பட்டுப்போல வழுக்கிக்கொண்டு போகிற இசை இல்லை அது. அதனால்தான் பிடித்தது.

அடுத்து அந்தக் குழுவினர் சினிமாவுக்கும் ஸ்டுடியோவுக்கும் போனார்கள். 'இரண்டாம் உலகப்போரின் கடைசி குண்டு' படத்துக்கு டென்மா இசையமைத்தார். அறிவு, 2021 மார்ச்சில் வந்த 'எஞ்சாய் எஞ்சாமி'யை எழுதி, தீயுடன் சேர்ந்து பாடினார். தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த அறிவின் பாட்டியின் கதை அதில் இருக்கிறது, ஒப்பாரியும் இருக்கிறது. ஆனால் ஒலி துடைத்து வைத்த பித்தளைக் குத்துவிளக்கு மாதிரி.

'பளபளப்பாகிவிட்டது, பழைய காரம் போச்சு' என்ற குறை உலகெங்கும் கேட்பதுதான். அமெரிக்காவின் நிர்வாணா குழு 1989-ல் வெளியான முதல் ஆல்பத்தைச் சுமார் 600 டாலர் செலவில் பதிவு செய்தது. 1991-ல் வந்த 'நெவர்மைண்ட்' மெருகேறி உலகையே பிடித்தது. ஒலி ரொம்பச் சுத்தமாகிவிட்டது என்று பிறகு அலுத்துக்கொண்டவர் வேறு யாருமில்லை, அதன் பாடகர் கர்ட் கோபேன்தான்! 1993-ல் வேறு ஒலிப்பதிவாளரைப் பிடித்து மறுபடி முரட்டு ஒலிக்கே திரும்பினார்கள்.

அவர்களால் திரும்ப முடிந்தது. கரகரப்பு வேண்டுமா, மெருகு வேண்டுமா என்பது அவர்கள் கையில் இருந்தது. நம்மூர் பறைக்கும் கானாவுக்கும் அப்படியா? நல்ல மைக் முன்னால் நிற்கும் வாய்ப்பே நெடுங்காலம் கிடைக்கவில்லை. சாவுக்கும் திருவிழாவுக்கும் அழைத்துவிட்டு, சபா மேடைக்கு மட்டும் மறந்துவிடுவார்கள். ஆகவே 'கரடுமுரடாகவே இருங்கள், அதுதான் அசல்' என்று நாம் உட்கார்ந்த இடத்திலிருந்து சொல்வது கொஞ்சம் அநியாயம். ஸ்டுடியோவில் வரிகள் தெளிவாகக் கேட்கின்றன. என்ன பாடுகிறார்கள் என்பதே முக்கியமான பாட்டுக்கு அது சின்ன லாபமில்லை.

கவலைப்பட வேண்டியது வேறு இடத்தில். மெருகேறிய பாட்டு ஊரெல்லாம் போகும்போது, பாடியவர் முகமும் கூடப் போகிறதா? 2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' அட்டையில் தீ இருந்தார், அறிவு இல்லை. பா.இரஞ்சித் உட்படப் பலர் கேள்வி எழுப்பிய பிறகு, அறிவை வைத்து ஒரு டிஜிட்டல் அட்டை வெளியிட்டார்கள்.

போன் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு உருமியின் உறுமலைக் காணோமே என்று தேடாதீர்கள். அந்தச் சின்ன ஸ்பீக்கரால் அடிநாதத்தைத் தர முடியாது. இயர்போன் மாட்டி, முதலில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவின் மேடைப் பதிவு ஒன்று, அடுத்து 'எஞ்சாய் எஞ்சாமி' என்று கேட்டுப் பாருங்கள். வீட்டில் தாத்தா இருந்தால் அவர் காதிலும் ஒன்றை மாட்டிவிடுங்கள். எதில் தோல் நன்றாகக் காய்ந்திருக்கிறது என்று அவர் சொல்லிவிடுவார்.