பாம்பைத் தேடாதீர், மருத்துவமனையைத் தேடுவீர்!

மழைக்காலம் வந்துவிட்டால் மும்பையிலும் புறநகர்களிலும் பாம்புகள் வளையை விட்டு வெளியே வருகின்றன. வளைக்குள் நீர் புகுந்துவிடுவதால் மேடான இடத்தைத் தேடுகின்றன. கூடவே இரையையும் தேடுகின்றன. குப்பை குவிந்த இடத்தில் எலி இருக்கும். எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும். கோரேகாவ் ஆரே காலனி, போரிவலி தேசியப் பூங்காவை ஒட்டிய குடியிருப்புகள், கல்யாண், அம்பர்நாத், பத்லாப்பூர் பக்கத்துப் புதர்ப் பாதைகள் ஆகியவற்றில், இரவு ஷிப்ட் முடிந்து நடந்து வரும் தொழிலாளிக்கு இது தெரியும். விடியற்காலையில் உலாவப் போகும் குமாஸ்தாவுக்கும் தெரியும்.

எதிரே வந்தது என்ன பாம்பு என்று அறிவது நல்லது. ஆனால், அந்த அறிவு எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்று அறிவது அதைவிட நல்லது. இந்த இரண்டாவது அறிவு இல்லாததால் உயிர்கள் போகின்றன.

நான்கு பாம்புகள்

நம் நாட்டில் மனித உயிரை அதிகமாகப் பறிப்பவை நான்கு பாம்புகள். நல்ல பாம்பை மராத்தியர் 'நாக்' என்பர்; கட்டுவிரியனை 'மண்யார்', கண்ணாடி விரியனை 'கோணஸ்', சுருட்டை விரியனை 'புர்சே' என்பர். இந்தப் பெயர்களைத் தெரிந்து வைத்துக்கொண்டால், அக்கம்பக்கத்தார் கூவி எச்சரிக்கும்போது விளங்கும். 'தாமண்' என்பது சாரை. 'திவட்' என்பது தண்ணீர்ப் பாம்பு. இவ்விரண்டுக்கும் நஞ்சில்லை.

கண்ணாடி விரியனின் தடித்த உடலில் சங்கிலிபோல் மூன்று வரிசைக் கரும்புள்ளிகள் இருக்கும்; குக்கர் ஆவி விடுவதுபோல் உரக்கச் சீறும். சுருட்டை விரியன் சிறியது. செதிலோடு செதிலை உரசி, ரம்பம் அறுப்பது போன்ற ஒலியை எழுப்பும். கட்டுவிரியன் கறுத்துப் பளபளக்கும். அதன் மெல்லிய வெள்ளைக் கட்டுகள் தலைக்குச் சற்றுத் தள்ளித் தொடங்கி வால்வரை போகும். நஞ்சில்லாத ஓநாய்ப் பாம்புக்கும் கட்டுகள் உண்டு. அவை கழுத்தருகே தெளிவாக இருந்து, வால் பக்கம் மங்கிவிடும். நல்ல பாம்போ எப்போதும் படம் எடுத்து நிற்பதில்லை. படம் எடுக்காமல் ஓடும்போது சாரை என்றே நினைக்கத் தோன்றும்.

இத்தனையும் பட்டப்பகலில், பத்தடி தள்ளி நின்று பார்க்கிறவருக்குத்தான் உதவும். விளக்கில்லாத பாதையில், கொட்டும் மழையில், கட்டு எங்கே தொடங்குகிறது என்று யார் பார்க்க முடியும்? எனவே, இன்னதென்று தெரியாத பாம்பை நஞ்சுள்ளதாகவே கொண்டு, விலகி நின்று வழிவிட வேண்டும். அடிக்கக் கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது. அதோடு, அடிக்கப் போகிறவர் பாம்புக்கு எட்டும் தூரத்துக்குத் தாமே போகிறார். குடியிருப்புக்குள் பாம்பு புகுந்தால், வனத்துறையின் 1926 என்ற எண்ணுக்குச் சொல்லலாம்.

கடித்த பிறகு

கடித்த பிறகு நடப்பதுதான் வேதனை. கூட்டம் கூடுகிறது. நாலு பேர் கம்பெடுத்துப் பாம்பைத் தேடுகிறார்கள். "பாம்பைக் காட்டினால்தானே டாக்டர் ஊசி போடுவார்" என்கிறார் ஒருவர். அரை மணி நேரம் போய்விடுகிறது. தேடுகிறவரும் கடிபடக் கூடும்.

இந்த எண்ணம் தவறு. இந்தியாவில் பாம்புக்கடிக்குத் தரும் நச்சுமுறிவு ஊசி மருந்து, மேற்சொன்ன நான்கு பாம்புகளின் நஞ்சுக்கும் பொதுவானது. கண் இமை சரிகிறதா, மூச்சுத் திணறுகிறதா, கடிவாய் வீங்குகிறதா என்று டாக்டர் பார்ப்பார். இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் வைத்து, உறைகிறதா என்று சோதிப்பார். இதற்கெல்லாம் செத்த பாம்பு தேவையில்லை.

அந்த மருந்து செய்வதற்கு வேண்டிய நஞ்சில் பெரும்பகுதி தமிழ்நாட்டிலிருந்து வருகிறது என்பது இங்குள்ள தமிழர் பலர் அறியாத செய்தி. செங்கற்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் உள்ள இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978-ல் தொடங்கப்பட்டது. இருளர்கள் பாம்பைப் பிடித்து, நஞ்சை எடுத்துவிட்டு, மீண்டும் காட்டில் விடுகிறார்கள். அவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பாம்பை இனம் பிரித்து அறியும் கடினமான வேலையை அந்த மக்கள் முன்கூட்டியே செய்து முடித்துவிடுகிறார்கள். கடிபட்டவர் அதை மறுபடியும் செய்ய வேண்டியதில்லை.

அவர் செய்ய வேண்டியது, ஓடாமல், எலும்பு முறிந்தால் வைப்பதுபோல் அந்தக் காலை அசையாமல் வைத்து, 108 வண்டியிலோ கிடைத்த ஆட்டோவிலோ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதுதான். இறுகக் கயிறு கட்டுவதும், பிளேடால் கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும், மந்திரிக்கப் போவதும் கேட்டையே தரும். வலி இல்லையே என்று வீட்டில் படுத்துவிடவும் கூடாது. கட்டுவிரியன் கடி பெரும்பாலும் வலிப்பதில்லை.

யார் பொறுப்பு?

2000 முதல் 2019 வரையிலான 20 ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று 2020-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர்! 2030-க்குள் இந்தச் சாவைப் பாதியாகக் குறைப்பதற்கான திட்டத்தை மத்திய அரசு 2024-ல் வெளியிட்டது. திட்டம் டெல்லியில் இருந்தால் போதாது. தொழிலாளி நடக்கும் பாதைக்கு வர வேண்டும். நகராட்சிகள் மழைக்கு முன்பே குப்பையை அள்ளி, புதரை வெட்டி, விளக்குப் போட வேண்டும். இரவு வேலைக்கு ஆள் அனுப்பும் காண்டிராக்டர்கள் பூட்சும் டார்ச் விளக்கும் கொடுக்க வேண்டும்.

இங்குள்ள தமிழ்ச் சங்கங்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஆண்டு விழாவுக்கு ஆயிரக்கணக்கில் நோட்டீசு அச்சடிக்கிறார்கள். அதன் பின்பக்கம் வெறுமையாகத்தான் இருக்கிறது. நான்கு பாம்புகளின் படம், அவற்றின் தமிழ், மராத்திப் பெயர்கள், நச்சுமுறிவு மருந்து உள்ள அருகிலுள்ள ஆஸ்பத்திரியின் பெயர் ஆகியவற்றை அங்கே போடலாம். அடுத்த மழைக்கு முன் அந்த நோட்டீசு ஒவ்வொரு தமிழர் வீட்டுச் சுவரிலும் தொங்க வேண்டும்.