பாலத்தை எப்போது இடிப்பீர்கள்?

“எல்லாத்தையும் ஒரே மூச்சுல மாத்தி எழுதிடலாம்” என்கிறவர்களை நான் நம்புவதில்லை. வீராணம் தண்ணீர் 2004 முதல் சென்னைக்கும் போகிறது. அதற்காக லால்பேட்டைப் பக்கம் பாசன வாய்க்கால்களை யாரும் தூர்த்துவிடவில்லை. ஓடுகிற நிரலையும் அப்படித்தான் மாற்ற வேண்டும்: பழையது ஓடட்டும், புதியது பக்கத்தில் வரட்டும், நடுவில் ஒரு பாலம்.

ஆனால் என்ன பாலம்? டைப்ஸ்கிரிப்ட்டில் எஃப்பி-டிஎஸ் எழுதிய ஜூலியோ கான்டியே 2023இல் எஃபெக்ட் அணியில் சேர்ந்துவிட்டார். பின்னாலேயே கிளம்பியவர்களில் பலர், இரண்டுக்கும் நடுவே வெறும் பிராமிஸைப் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்கிறார்கள். பிராமிஸின் டைப்பில் பிழைக்கு இடமே கிடையாது. ‘கார்டு காலாவதி’, ‘சர்வர் படுத்துவிட்டது’ இரண்டும் ஒரே ‘ஏதோ தப்பு’ ஆகிவிடும். எதற்காக ஃபங்ஷனல் பக்கம் வந்தோமோ, அதையே வழியில் தொலைத்துவிட்டு அக்கரை போய் என்ன பிரயோஜனம்?

ஈதரைப் பிரித்து, லெஃப்ட் வந்தால் ஃபெயில், ரைட் வந்தால் சக்சீட் என்று எழுதப் பத்து வரி போதும். பிழையின் டைப் பிழைத்துக்கொள்ளும்.

அதிலும் ஒன்று மிஞ்சும். எஃபெக்ட் பக்கம் ஃபைபரை நிறுத்தினாலும், கிளம்பிவிட்ட பழைய பிராமிஸ் தன்பாட்டுக்கு ஓடும். பணம் பிடிக்கிற நிரலில் இது சின்ன விஷயமா? நல்ல பாலமும் தற்காலிகப் பாலம்தான். இடிக்கிற தேதியைக் குறிக்காமல் கட்டுகிறவர்கள், புதிதாகச் சேருகிற ஒவ்வொருவருக்கும் இரண்டு நூலகங்களையும் சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.