எட்டு வார அவகாசம்

வேலை நிறுத்த உரிமைக்கு வரம்பு கட்டுவது யார்? தொழிலாளிக்கு இதைவிடப் பெரிய கேள்வி வேறில்லை. ஐரோப்பாவிலோ, இதற்கு விடை சொல்லும் அதிகாரம் அந்தந்த நாட்டுப் பாராளுமன்றத்தின் கையிலிருந்து நழுவி வருகிறது. தூரத்துச் சங்கதி என்று தோழர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம்.

பின்லாந்துக் கப்பல் ஒன்றை எஸ்தோனியாக் கொடிக்கு மாற்றிச் சம்பளத்தைக் குறைக்க முதலாளி முயன்றார்; மாலுமிகள் சங்கம் எதிர்த்து நின்றது. சுவீடனில் பள்ளிக்கூடம் கட்ட வந்த லாட்வியக் கம்பெனி, சங்கத்தோடு சம்பள ஒப்பந்தம் செய்ய மறுத்தது; கட்டடத் தொழிலாளர் வேலைத்தலத்தை மறித்தனர். 2007 டிசம்பரில் ஐரோப்பிய யூனியனின் நீதிமன்றம் இரண்டு வழக்குகளிலும் தீர்ப்புச் சொன்னது: வேலை நிறுத்தம் அடிப்படை உரிமைதான், ஆனால் முதலாளி எல்லை கடந்து தொழில் நடத்தும் சுதந்திரத்துக்கு அது அளவுமீறிய தடையாக இருக்கக்கூடாது. வலக்கையால் கொடுத்ததை இடக்கையால் வாங்கிக்கொண்டதாகவே நமக்குப் படுகிறது. 2010-ல் சுவீடன் பாராளுமன்றம் தன் சட்டத்தையே திருத்த வேண்டியதாயிற்று.

2009-ல் அமலுக்கு வந்த லிஸ்பன் ஒப்பந்தம் பாராளுமன்றங்களுக்கு ஓர் ஆயுதம் தந்தது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஓட்டு. புருஸ்ஸெல்ஸிலுள்ள கமிஷன் கொண்டுவரும் மசோதா, நாடுகளே செய்துகொள்ள வேண்டிய காரியத்தில் தலையிடுகிறதென்று எட்டு வாரத்துக்குள் மூன்றில் ஒரு பங்கு ஓட்டு விழுந்தால், கமிஷன் அதை மறுபடி ஆராய வேண்டும். பந்தாட்டப் பெயரில் இதை மஞ்சள் அட்டை என்கிறார்கள். கைவிட்டே தீரவேண்டும் என்ற கட்டாயம் மட்டும் கிடையாது.

2012 மார்ச்சில், வேலை நிறுத்த உரிமையையும் தொழில் சுதந்திரத்தையும் சமதட்டில் வைக்கும் மசோதா வந்தது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. 12 நாடுகளின் பாராளுமன்றங்களிலிருந்து 19 ஓட்டுகள் விழுந்தன, தேவைப்பட்டது 18. அட்டை விழுந்தது அதுவே முதல் தடவை. செப்டம்பரில் கமிஷன் மசோதாவை வாபஸ் வாங்கியது. அந்தப் பன்னிரண்டும் தொழிலாளியின் தோழர்கள் என்று நாம் மயங்கவில்லை. 2016-ல், வெளிநாட்டிலிருந்து அனுப்பப்படும் தொழிலாளிக்கு உள்ளூர்க்காரனுக்கு ஈடான சம்பளம் தரும் மசோதா மீதும் 11 நாடுகளின் பாராளுமன்றங்கள் இதே அட்டையைத் தூக்கின! கமிஷன் அசையவில்லை, 2018-ல் அது சட்டமாயிற்று.

நம்மைக் கேட்டால், அட்டையைவிட டென்மார்க்கின் வழக்கமே மேல். அங்கே மந்திரி புருஸ்ஸெல்ஸ் போகுமுன் பாராளுமன்றக் கமிட்டியின் முன் நின்று, இன்னதற்குத்தான் சம்மதிப்பேன் என்று அனுமதி பெற்றாக வேண்டும். திரும்பி வந்த மந்திரியிடம் விளக்கம் கேட்டு ஆகப்போவதென்ன? சங்கத்துக்காரர்கள் அங்கத்தினர் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியது அதற்கு முன்னால்தான்.