பரணில் இருக்கும் ஹட் பே



லிட்டில் அந்தமான் தீவின் ஹட் பேயில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் இந்த மாதம் ஒரு தடித்த தபால் உறை அனுப்பியிருந்தார். உள்ளே கறுப்பு வெள்ளைப் படங்கள். படகுத்துறையில் கப்பலுக்காக மூட்டை முடிச்சோடு காத்திருக்கும் கூட்டம், விடிகாலை மீன் வியாபாரம், மழைக்கு டீக்கடையில் ஒதுங்கிய பள்ளிப் பிள்ளைகள். எல்லாம் பெண்டாக்ஸ் கே1000 கேமராவில் பிலிம் போட்டு எடுத்தவை. “போனிலேயே எடுத்துத் தொலைக்கலாமே என்று இங்கே எல்லோரும் கேட்கிறார்கள். நீங்களும் கேட்பீர்களா?” என்று கடிதத்தை முடித்திருந்தார்.

கேட்க மாட்டேன். அதற்காக, பிலிம்தான் கலை, போன் படம் மட்டம் என்று வாதாடவும் மாட்டேன். அது வெறும் வீம்பு. அவர் எடுத்துக்கொண்ட சிரமம் எத்தகையது என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

முதல் சிரமம் வெளிச்சம். நாடு முழுவதற்கும் ஒரே கடிகாரம் என்பதால், சென்னையை விட முக்கால் மணி நேரத்துக்கு மேல் முந்தியே அங்கே பொழுது விடிந்து, முந்தியே சாய்ந்துவிடுகிறது. டிசம்பரில் ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். அலுவலகம் விட்டு வருகிறவருக்கு 400 வேக பிலிமில் கிடைப்பது சொற்ப நேரம்தான். அடுத்தது ஈரம். இரண்டு பருவமழையும் பெய்கிற தீவில் லென்ஸுக்குள் பங்கஸ் படர அதிக நாள் ஆகாது. சிலிக்கா ஜெல் பொட்டலமும் காற்றுப் புகாத டப்பாவும் இல்லாமல் அங்கே பழைய கேமரா பிழைக்காது. கே1000 மாதிரியான முழு இயந்திரக் கேமராக்களுக்கு ஒரு வசதி உண்டு. பேட்டரி தீர்ந்தால் வெளிச்சம் அளக்கும் மீட்டர்தான் நிற்கும், ஷட்டர் ஓடிக்கொண்டே இருக்கும்.

எடுத்த ரோலைக் கழுவ அவர் சென்னைக்கு அனுப்புகிறார். ரோல் விலை, கழுவும் கூலி, ஸ்கேன் எல்லாம் சேர்த்தால் ஆயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. படம் எப்படி வந்தது என்று தெரியவே பல வாரம் ஆகிறதாம். தெருப் படக்கலையின் பெரிய ஆசான் ஆன்ரி கார்த்தியே பிரெசோனும் இப்படித்தான். 1950 ஏப்ரலில் லைக்கா கேமராவோடு திருவண்ணாமலையில் ரமணரின் கடைசி நாட்களையும், அதே மாதம் புதுச்சேரியில் அரவிந்தரையும் படமெடுத்தார். படம் கழுவுவதில் அவருக்கு ஆர்வம் இல்லை. ரோல்களை அனுப்பிவிட்டு அடுத்த ஊருக்கு நகர்ந்துவிடுவார், தம் படங்களைப் பல சமயம் மாதங்கள் கழித்தே பார்த்தார். உடனே பார்க்க முடியாததால் அவர் படம் கெட்டதாக யாரும் சொல்லவில்லை.

ஒரு ரோலுக்கு 36 படம்தான் என்றால் யாரை எடுப்பது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. ஹட் பேயில் யாரை எடுக்கக் கூடாது என்ற கேள்வி அதைவிடப் பெரியது. அதே தீவில்தான் ஓங்கே பழங்குடியினர் வாழ்கிறார்கள், நூற்றுச் சொச்சம் பேர். 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறை 2012இல் திருத்தப்பட்டுக் கடுமையானது. அவர்களைப் படமெடுக்கப் போவது சிறைக்குப் போகும் குற்றம். காரணம் இல்லாமல் இல்லை. இந்தத் தீவுகளில் கேமராவுக்கு நல்ல பெயர் கிடையாது. 1890களில் மாரிஸ் விடால் போர்ட்மேன் என்ற ஆங்கிலேய அதிகாரி அந்தமான் பழங்குடியினரைக் கட்டம் போட்ட திரைக்கு முன் நிற்க வைத்து, உடலை அளப்பதற்கென்றே படமெடுத்தார். அந்த ஆல்பங்கள் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போயின. நம் வாசகரின் உறையில் அப்படி ஒரு படம்கூட இல்லை. எனக்குப் படங்களை விட அந்த நிதானம் பிடித்திருந்தது.

பிலிமை நாமே செய்த காலமும் உண்டு. ஊட்டியில் 1960இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளைச் சுருளும் எக்ஸ்ரே பிலிமும் விற்றது. தொண்ணூறுகளில் நலிந்து, பிறகு மூடப்பட்டது. இன்று வருவதெல்லாம் இறக்குமதிச் சரக்கு. பெண்டாக்ஸ் பெயரில் 2024இல் புதிதாக ஒரு பிலிம் கேமராவே வெளிவந்தது. வாங்க ஆள் இருக்கிறது. ஊட்டிதான் இல்லை.

இனி, உங்களிடம் கேட்க வேண்டியதற்கு வருகிறேன். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி ஹட் பேயின் கரையோரத்தைத் துடைத்துக்கொண்டு போனது. வீடுகளோடு ஆல்பங்களும் போயின. அதற்கு முந்தைய கடைத்தெருவை அன்றைக்கு யாரும் போனில் எடுத்திருக்க வழியில்லை, எடுத்ததெல்லாம் அநேகமாக பிலிமில்தான். அங்கே அரசு வேலைக்கும் கட்டட வேலைக்கும் கடை வைக்கவும் போன நம்மவர்கள், பிரிண்ட் போட்டுக் கடிதத்தோடு ஊருக்கு அனுப்புவார்கள். படகுத்துறையில் நின்று ஒன்று, கடை வாசலில் ஒன்று, பக்கத்து வீட்டு வங்காளிக் குடும்பத்தோடு ஒன்று. பின்னணியில் தெரிகிற அந்தத் தெரு இன்று இல்லை. அது இருப்பதென்றால் இராமநாதபுரத்திலோ மதுரையிலோ உங்கள் வீட்டுப் பரணில், தகரப் பெட்டிக்குள்தான் இருக்கும்.

தேடிப் பாருங்கள். நெகட்டிவ் கிடைத்தால் துணியால் துடைக்காதீர்கள், கீறல் விழும். ஓரத்தைப் பிடித்து எடுத்துக் காகித உறையில் போட்டு வையுங்கள். அசலை எங்களுக்கு அனுப்ப வேண்டாம், பிரதி போதும். இடம், ஆண்டு, படத்தில் இருப்பவர் யார் என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் இப்போதே கேட்டு எழுதி அனுப்புங்கள். பொருந்துகிற படங்களை அடுத்தடுத்த இதழ்களில் வெளியிடுவோம். ஓங்கே மக்கள் இருக்கிற படம் எதுவானாலும், எவ்வளவு பழையதானாலும் அனுப்ப வேண்டாம். அதை வெளியிட மாட்டோம்.

அன்புடன்,
ஆசிரியர்