பெட்டியில் இல்லாத மீட்பு வட்டு

தியாகராய நகரிலோ மயிலாப்பூரிலோ புதிய கணினி ஒன்றை வாங்கி இல்லம் சேர்ப்பவர், விண்டோஸை மீண்டும் நிறுவ உதவுவதும் முன்னாளில் பெட்டியினுள்ளேயே கிடைத்துவந்ததுமான மீட்பு வட்டை இன்று தேடினால் காணமாட்டார். விண்டோஸின் விலையையும் சேர்த்தே அவரிடம் பெற்றுக்கொள்ளும் உற்பத்தியாளர்கள், அதன் பிரதியை ஹார்டு டிஸ்கின் மறைவானதொரு பகுதியில் வைத்துவிட்டுத் தம் கடமை தீர்ந்ததெனக் கருதுகின்றனர். பீரோவின் மாற்றுச் சாவியை அந்தப் பீரோவுக்குள்ளேயே வைத்துப் பூட்டுவதற்கு ஒப்பான இவ்வேற்பாடு, டிஸ்க் அடியோடு பழுதுறும்போது, அதாவது மீட்பு மிகவும் அவசியமாகும் அத்தருணத்தில், முற்றிலும் பயனற்றுப்போகிறது. பென் டிரைவ் ஒன்றில் மீட்புப் பிரதியை நாமே எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்பது மெய்யே. ஆயினும் அதனை வாங்குபவரிடம் எடுத்துரைப்பவர் யார்? எவரும் உரைக்காமையால், ஓய்வூதியத்தில் ஜீவிக்கும் முதியவரும் கல்லூரி மாணவியும் ரிச்சி தெருக் கணினிக் கடைகளின் படிகளேறி, முன்பே விலை கொடுத்த பொருளுக்கு மீண்டும் பணம் கொடுக்க நேரிடுகிறது. இதற்கு மாறாக, சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என்னும் இயங்குதளத்தை எவரும் இலவசமாகப் பெற்று, வட்டில் பதிந்து, பிறர்க்கும் வழங்கலாம். விலையே இல்லாத பொருளுக்கு உள்ள இந்தச் சுதந்திரத்தில் ஒரு சிறு அம்சத்தையேனும் விலை கொடுத்தவருக்கு அளிக்க, பெட்டிக்குள் ஒரு பென் டிரைவை வைக்கும் சொற்பச் செலவை உற்பத்தியாளரே ஏற்றாக வேண்டும்.