வாயில்லா ஜீவனின் முறைப்பாடு

நாய் என்ற சொல்லை வசையாகவே வழங்கிப் பழகிவிட்டவர்கள் நாம். திட்டுவதற்கும் வேண்டும், காவலுக்கும் வேண்டும். ஆனால் அந்த நாய்க்கு ஒரு நோவு வந்தால் அதைப் பற்றிப் பேச மட்டும் கூச்சப்படுகிறோம். அதிலும் நோவு வாலுக்குக் கீழே என்றால் மூக்கைப் பொத்திக்கொண்டு அப்பால் போய்விடுகிறோம். இன்று நான் எழுத எடுத்துக்கொண்டது அந்த விடயத்தைத்தான். வாசகர்கள் முகம் சுளிக்காமல் இறுதிவரை வாசிக்க வேண்டுகிறேன்.

பூண்டுலோயா, பத்திரிகைப் பணியின் பொருட்டு நான் பலமுறை சென்றுவந்த ஊர். அங்குள்ள தோட்டங்களில் நாயில்லாத லயத்தைக் காண்பது அரிது. காய்கறிப் பாத்தியைக் கிளறும் பன்றியை விரட்டுவது நாய். இரவில் சிறுத்தை இறங்கினால் முதலில் குரைப்பதும், பல வேளைகளில் முதலில் இரையாவதும் நாய்தான். அத்தகைய நாய், இஸ்தோப்புச் சீமெந்தில் பின்பக்கத்தை அழுத்தி, முன்னங்கால்களால் தன்னை இழுத்துக்கொண்டு போகும். பிள்ளைகள் கைகொட்டிச் சிரிப்பார்கள். பெரியவர்கள் "பூச்சி" என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவார்கள். அது வேடிக்கையன்று. வாயில்லா ஜீவன் தனக்குத் தெரிந்த ஒரே வழியில் செய்யும் முறைப்பாடு.

நாயின் ஆசனவாயின் இரு பக்கங்களிலும், கடிகார முகத்தில் 4 மணியும் 8 மணியும் இருக்கும் இடங்களில், தோலுக்கு உள்ளே இரண்டு சிறு பைகள் உண்டு. அவற்றில் கடும் வாடையுள்ள திரவம் ஊறுகிறது. ஒரு நாய் மற்றொன்றை வாலுக்குப் பின்னால் முகர்ந்து அடையாளம் காண்பதற்கு இந்த வாடையும் உதவுகிறது. மலம் இறுகலாக வெளியேறும்போது பைகள் அழுத்தப்பட்டுத் தாமாகவே வெறுமையாகும். மலம் இளகலாகவே போய்க்கொண்டிருந்தாலோ, உடல் பருத்துவிட்டாலோ, தோலில் ஒவ்வாமை இருந்தாலோ திரவம் தேங்கித் தடித்துவிடும். அப்போதுதான் நாய் தரையில் தேய்க்கிறது, வாலடியை ஓயாமல் நக்குகிறது, மீன்வாடை போன்ற ஒரு நாற்றம் வீசுகிறது.

பெரியவர்கள் சொல்லும் பூச்சியும் சில வேளைகளில் உண்மையே. வாலடியிலோ படுக்கையிலோ அரிசிமணி போன்ற வெண்ணிறத் துணுக்குகள் தெரிந்தால் அது நாடாப்புழு. அந்தப் புழு தெள்ளுப்பூச்சியின் வயிற்றில் வளர்கிறது. அரிப்புத் தாளாமல் தன்னைக் கடித்து நக்கும் நாய் தெள்ளையும் சேர்த்து விழுங்கிவிடுகிறது. ஆகவே புழுவுக்கு மட்டும் மாத்திரை கொடுத்துத் தெள்ளை விட்டுவைத்தால் சில வாரங்களில் பழைய கதை திரும்பும். கடையில் கிடைக்கும் எல்லாப் பூச்சிமாத்திரைகளும் நாடாப்புழுவைக் கொல்வதில்லை. அதற்குரிய பிராசிகுவாண்டெல் என்ற மருந்தை நாயின் நிறையறிந்து கொடுக்க வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியவை எளியவை. வாலடியை இளஞ்சூட்டு நீரில் கழுவி, மெல்லிய துணியை அதே நீரில் நனைத்து ஐந்து நிமிடம் ஒற்றிவைத்தால் நோவு தணியும். நாய் படுக்கும் சாக்கைக் கொதிநீரில் போட்டு வெயிலில் உலர்த்த வேண்டும். தெள்ளின் முட்டைகளும் புழுக்களும் பெரும்பகுதி நாயின் உடலில் அல்ல, படுக்கையிலும் தரை இடுக்கிலுமே இருக்கின்றன. மலையகக் குளிரில் பீலித் தண்ணீரில் குளிப்பாட்டிவிட்டு ஈரத்தோடு விட்டுவிடுவது பெரும் தவறு. காதிலும் தொடையிடுக்கிலும் தங்கும் ஈரமே புண்ணுக்கு வித்து. துணி துவைக்கும் சவர்க்காரமும் வேண்டாம், அது நாயின் தோலை வறட்டிவிடும்.

பைகளை நாமே பிதுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பழகாத கை பிதுக்கினால் பை உள்ளேயே கிழியலாம். நோவில்லாத நாய்க்கு அதைச் செய்யவே கூடாது. ஆசனவாயின் ஒரு பக்கம் சிவந்து வீங்கினாலோ, சீழோ இரத்தமோ கசிந்தாலோ அது மிருக வைத்தியரின் வேலை. வலிக்கிறதே என்று மனிதருக்குரிய மாத்திரைகளைக் கொடுப்பது ஆபத்து. இபுபுரூபன் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். சொறிக்கு மண்ணெண்ணெயும் கழிவு எண்ணெயும் பூசும் வழக்கத்தை நான் பல ஊர்களில் கண்டிருக்கிறேன். எரிச்சல் தாங்காமல் நாய் அதை நக்கும். நக்கியது குடலுக்குள் போகும். அதற்குப் பெயர் வைத்தியமா?

உணவையும் சொல்ல வேண்டும். மிஞ்சிய கறியும் சோறும் ரொட்டித் துண்டுமே நம் நாய்களின் விருந்து. வெங்காயமும் பூண்டும் நாயின் செங்குருதிக் கலங்களைச் சிதைக்கும் நஞ்சு. பூண்டின் பெயர் ஒலிக்கும் ஊரில் இதைச் சொல்வது சற்று வேடிக்கைதான்! கறி கலக்காத சோற்றோடு, நுவரெலியா மாவட்டத்தில் தாராளமாக விளையும் கரட்டையோ, பூசணியையோ அவித்துப் பிசைந்து கொடுத்தால் மலம் இறுகும், பைகளும் தாமாக வெறுமையாகும்.

"மனிதருக்கே ஒழுங்கான ஆஸ்பத்திரி இல்லை, நாய்க்கு என்ன வைத்தியம்?" என்று கேட்பவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் நாயின் முற்றமும் குழந்தையின் முற்றமும் ஒன்றாக இருக்கும் இடத்தில் இந்தக் கேள்விக்கு இடமில்லை. நாயின் குடலில் வாழும் கொழுக்கிப்புழுக்களுள் ஒன்றுக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயரிலேயே நம் நாடு இருக்கிறது: அன்சைலோஸ்டோமா செய்லானிக்கம். 1911இல் இலங்கையின் ஒரு மரநாயின் குடலிலிருந்து பெற்று விவரிக்கப்பட்ட இப்புழு, நாயிடமிருந்து மனிதனுக்கும் வந்து குடலில் வளரக்கூடியது. மலம் விழுந்த ஈரமண்ணில் வெறுங்காலுடன் நடந்தாலே போதும். கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ரொக்பெல்லர் நிறுவனம் கொழுக்கிப்புழுவை ஒழிக்க இங்கே வந்தபோது தோட்டங்களிலிருந்தே வேலையைத் தொடங்கியது. இரத்தச்சோகை எம் மக்களை எவ்வளவு வாட்டியது என்பதற்கு அது சாட்சி. நாயின் பூச்சியைப் போக்குவது பிள்ளையின் இரத்தத்தைக் காப்பதும் ஆகும்.

2006இல் நாய்களைக் கொல்வதைக் கைவிடுவதென இந்நாடு தீர்மானித்தது. நல்ல தீர்மானம். ஆனால் கொல்லாமல் விட்டால் போதுமா? பராமரிக்கும் வழியையும் காட்ட வேண்டாமா? அரச மிருக வைத்தியர் என்றால் தோட்டத்து மக்களுக்குப் பால்மாடுதான் நினைவுக்கு வருகிறது. பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியசாலைக்கு கம்பளை வழியாக நாயைக் கொண்டுபோக முச்சக்கரவண்டிக் கூலி வேண்டும். கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு அன்றைய பேரும் போய்விடும். அரைப்பேர் போட்டாலே அடுப்பெரியாத வீட்டில் இதை யார் செய்வார்கள்?

என் யோசனை சிறியது. விசர்நாய்த் தடுப்பூசி போட வருபவர்கள் ஊசியோடு திரும்பாமல், பூச்சிமாத்திரையையும் கொண்டுவரட்டும். நாயின் வாலடியையும் காதையும் ஒரு நிமிடம் பார்க்கட்டும். 1992 முதல் தோட்டங்களை நிர்வகிக்கும் கம்பனிகள் அந்த ஒரு நாளுக்குப் பிரட்டுக்களத்தை ஒதுக்கி, நாயோடு வருபவரின் பேரை வெட்டாமல் இருக்கட்டும். 2018இல் பூண்டுலோயா டன்சினன் தோட்டத்தில் இந்திய உதவியில் கட்டிய 404 வீடுகள் கையளிக்கப்பட்டன. சொந்த முற்றம் கிடைத்த மக்களுக்கு அந்த முற்றத்தை நோயின்றி வைத்திருக்கும் அறிவும் வசதியும் சேர்ந்து கிடைக்க வேண்டும்.

அதுவரை நம் கையில் இருப்பது வெந்நீரும் துணியும் கொஞ்சம் கவனமும். உங்கள் நாய் அடுத்த முறை தரையில் தேய்த்து இழுக்கும்போது சிரிக்கும் பிள்ளையை அருகில் அழைத்து, அதற்கு என்ன நோவு என்று சொல்லிக்கொடுங்கள். பேச முடியாத ஒன்றின் வலியைப் படிக்கத் தெரிந்த பிள்ளை, நாளை மனிதரின் வலியையும் படிக்கும்.