வேலிக்கதவின் அறம்

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து மாநிலங்களின் உட்பகுதியில் உழுதும் மேய்த்தும் வாழ்வோர்க்கு விடியற்காலை அச்சம் தரும் பொழுது. முதல்நாள் மாலை சீராக முளைத்து நின்ற கோதுமை வயல், ஏர் தாறுமாறாக ஓடியதுபோல் கிளறிக் கிடக்கும். ஈன்ற செம்மறி நின்று கதறும், குட்டி இராது. கால்நடை நீருண்ணும் குட்டை சேற்றுக்குழியாகியிருக்கும். வேலியின் அடிக்கம்பி மேல்நோக்கி வளைந்திருக்கும். ஒரு பன்றிக்கூட்டம் ஓர் இரவில் செய்துவிட்டுப் போகும் அழிவு இத்துணையும்.

அந்தப் பன்றிகள் அம்மண்ணுக்குரிய விலங்குகள் அல்ல. 1788-இல் முதற் குடியேற்றக் கப்பல்களில் வந்திறங்கிய வளர்ப்புப் பன்றிகளும், அவற்றின்பின் வந்தவையும், பட்டியை விட்டு நீங்கிக் காடேறின. அவற்றின் வழித்தோன்றல்களே இன்று அக்கண்டத்தின் பெரும்பரப்பில் திரிகின்றன. இவற்றை அடக்குவதில் உழவர்க்குத் துணைநிற்க முன்வரும் வேட்டைஞரின் பொறுப்பு யாது? நிலத்துக்குரியோர் அவரை எதனைக் கொண்டு நம்புவது? தொலைநாட்டுச் செய்தி என்று இவ்வினாக்களைத் தள்ளிவிடுவதற்கில்லை. நம் மலையடிவார உழவரும் வேறொரு வகையில் இவற்றின்முன் நிற்கின்றனர்.

வேட்டைக்கும் இத்துயருக்கும் உள்ள உறவு பழையது. 1859-இல் விக்டோரியாவில் பார்வன் பார்க் என்னும் பண்ணைக்குரிய தாமஸ் ஆஸ்டின் இங்கிலாந்திலிருந்து 24 முயல்களை வரவழைத்தார். சுட்டு மகிழ்வதற்கென்றே வந்தவை அவை. அரை நூற்றாண்டுக்குள் முயல் கண்டத்தின் குறுக்கே பரவி, மேய்ச்சல் நிலத்தை வேரோடு மொட்டையடித்தது. மேற்கு ஆஸ்திரேலியா 1,833 கிலோமீட்டர் நீளத்துக்கு முயல்வேலி ஒன்றை எழுப்பி 1907-இல் முடித்தது. வேலி முடியுமுன்பே முயல்கள் அதனைக் கடந்துவிட்டன. 1950-இல் மிக்சோமா, 1995-இல் காலிசி என நோய்க்கிருமிகளே முயல்களிடையே பரவிப் பெருந்தொகையை மாய்த்தன. அதன் பின்னும் முயல் ஒழிந்தபாடில்லை. நரியும் இவ்வாறே குதிரையேறி, நாய்களோடு துரத்தி மகிழும் வழக்கத்துக்காகக் கொண்டுவரப்பட்டது. அந்நாட்டுக்கேயுரிய சிறு விலங்கினங்கள் பல பூண்டற்றுப் போனமைக்கு நரியும் காடேறிய பூனையும் தலையாய காரணங்கள்.

ஒரு தலைமுறையின் பொழுதுபோக்கு ஏழு தலைமுறை உழவரின் சுமையாயிற்று. இந்த வரலாற்றை மனத்திற் கொண்டால், இன்றைய வேட்டைஞர் உழவர்க்குச் செய்யும் உதவியைக் கொடை என்று எண்ணத் துணியார். அது அடைக்க வேண்டிய பழங்கடன். கடன் அடைக்கப் புகுவோர்க்கு உரிய பணிவோடுதான் அவர் பிறர் நிலத்தின் வேலிக்கதவைத் தொட வேண்டும்.

பன்றியின் பெருக்கத்தை அறியாமல் இச்சிக்கலை அளக்க இயலாது. ஏறத்தாழ மூன்று திங்கள், மூன்று கிழமை, மூன்று நாள் சினை சுமந்து ஈனுவது அதன் இயல்பு. நல்ல மழையும் இரையும் வாய்த்தால் ஓராண்டிலேயே இருமுறை ஈனும். பெண்பன்றி ஓராண்டு நிறையுமுன்பே சினைப்படும் வளர்ச்சி பெற்றுவிடும். ஆகவே ஓரிடத்துப் பன்றிகளில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 70 விழுக்காட்டை நீக்கினாலன்றி எண்ணிக்கை இறங்காது என்பது துறைசார் அறிஞர் நெடுங்காலமாக வற்புறுத்தும் கணக்கு. பத்தில் மூன்றைச் சுட்டுவிட்டு வெற்றி என மகிழ்வோர், எஞ்சிய ஏழுக்கு இரையை மிகுதியாக்கி விட்டுத் திரும்புகின்றனர்.

இங்கேதான் வேட்டை இன்பமும் உழவரின் தேவையும் பிரிகின்றன. வேட்டைஞரின் கண் நீண்ட கோரைப்பல் கொண்ட முதிர்ந்த ஆண்பன்றியை நாடும். உழவருக்குக் கேடு விளைப்பதோ சினைப்பன்றியும் அதனைச் சூழ்ந்து வளரும் குட்டிகளும். ஓர் ஆண்பன்றி வீழ்ந்தால் இன்னொன்று அதன் இடத்தை நிரப்பும். வரவேற்பறைச் சுவரில் மாட்டத்தக்க தலை ஒன்று கிடைத்ததனால் வயலுக்கு விளையும் நன்மை பெரிதன்று.

இன்னொன்றும் உண்டு. பன்றி கூர்த்த அறிவுடையது. கூண்டுவைத்துப் பிடிக்க விழையும் உழவர் உடனே கதவை வீழ்த்தமாட்டார். முதலில் வெறும் தானியம் தூவுவார். பிறகு கூண்டைத் திறந்தபடி நிறுத்துவார். கூட்டம் முழுதும் அச்சம் நீங்கி உட்புகும்வரை பல இரவுகள் பொறுத்திருப்பார். அந்நாள்களில் அருகே யாரோ ஒருவர் அறியாமல் ஒரு வேட்டுப் போட்டால் போதும். கூட்டம் கலைந்து பக்கத்துப் பண்ணைகளுக்குச் சிதறும். சிதறியவை கூண்டென்றால் விலகி நடக்கப் பழகும். பல நாள் உழைப்பு ஒரு நொடியில் பாழாகும். துப்பாக்கியால் உழவருக்கு உதவ வருவோர் எப்போது சுடாமல் இருப்பது என்பதை முதலில் கற்க வேண்டும் என நாம் கூறுவது இதனாலேயே.

நச்சிரை, கூண்டு, வான்வழிச் சுடுதல், வேலி, தரைவழி வேட்டை ஆகிய அனைத்தும் அண்டைப் பண்ணைகள் சேர்ந்து வகுத்த ஒரே திட்டத்துள் அடங்கும்போதுதான் பயன் விளைகின்றது. அத்திட்டத்தில் தன்னார்வ வேட்டைஞருக்கு உறுதியான இடம் உண்டு. மற்ற முறைகளுக்குத் தப்பி எஞ்சிய சில பன்றிகளைத் தேடி நீக்குவதும், வீடுகளும் வளர்ப்பு நாய்களும் மிகுந்திருப்பதால் நஞ்சு வைக்கவியலாத சிறு நிலங்களில் காவல் புரிவதும், இரவெல்லாம் விழித்திருக்க இயலாத உழவருக்கு மாற்றாக விழித்திருப்பதும் அவர் பணிகள். தாம் அத்திட்டத்தின் ஓர் உறுப்பு என்பதை மறக்கும்போது அவர் அதற்கே இடையூறாகிறார்.

இனி நம்பிக்கை பற்றி. 1996 ஏப்ரல் 28 அன்று டாஸ்மேனியாவின் போர்ட் ஆர்தரில் ஒருவன் துப்பாக்கியால் 35 பேரைக் கொன்றான். அடுத்த இரு கிழமைக்குள் அந்நாட்டு அரசுகள் ஒன்றுகூடித் தேசியத் துப்பாக்கி உடன்பாட்டை ஏற்றன. 6 இலட்சத்துக்கு மேற்பட்ட துப்பாக்கிகள் விலைகொடுத்து வாங்கி அழிக்கப்பட்டன. துப்பாக்கி வைத்திருக்க விழைவோர் மெய்யான தேவை ஒன்றைக் காட்டியாக வேண்டும் என்பது அவ்வுடன்பாட்டின் நடுத்தூண். வேட்டைக்காகத் துப்பாக்கி கேட்போர்க்கு அத்தேவையை மெய்ப்பிக்கும் வழியாக அது ஏற்றது நிலத்துக்குரியவரின் இசைவை.

இதன் ஆழ்பொருளை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அரசு தரும் உரிமத்தின் வேரில் ஓர் உழவரின் ஒப்புதல் இருக்கின்றது. ஊரறியாத ஒருவருக்கு, தம் பிள்ளைகள் உறங்கும் வீட்டுக்கும் தம் கால்நடை மேயும் வெளிக்கும் நடுவே, கொல்லும் கருவியோடு நடமாட அவர் இசைகிறார். மனிதர் மனிதருக்கு அளிக்கும் நம்பிக்கைகளுள் இதனினும் பெரியவை சிலவே.

அந்த நம்பிக்கையை ஈட்டும் வழி பெருஞ்செயல்களில் இல்லை. ஆஸ்திரேலிய நாட்டுப்புறத்தில் எல்லாரும் அறிந்த விதி ஒன்று உண்டு: கதவைக் கண்டபடியே விட்டுச் செல். திறந்திருந்ததைத் திறந்தபடியும் மூடியிருந்ததை மூடியபடியும் விடுதல் வேண்டும். மூடக்கூடாத கதவை மூடினால் வறண்ட கோடையில் மந்தை தண்ணீரை அடையாமல் மடியும். திறக்கக்கூடாததைத் திறந்துவிட்டால் பிரித்து வைத்த மந்தைகள் கலந்து ஓராண்டின் இனப்பெருக்கத் திட்டமே குலையும். சிறு செயல்தான், ஆயினும், வந்தவர் தம்மை அந்நிலத்தின் தலைவராக எண்ணுகிறாரா, விருந்தினராக எண்ணுகிறாரா என்பதை அது காட்டிவிடும்.

எஞ்சிய கடமைகளும் இதன் வழிப்பட்டவையே. வருமுன் ஒவ்வொரு முறையும் சொல்லி வருதல். முன்பு பெற்ற இசைவை என்றைக்குமான உரிமையாகக் கொள்ளாமை. ஈற்றுக்காலத்தில் மந்தையருகே செல்லாமை. வண்டிச் சக்கரத்தில் ஒட்டிய களைவிதையை அயல் நிலத்துக்குச் சுமந்து செல்லாதபடி கழுவி வருதல். எல்லைக்கு அப்பால் ஓடிய விலங்கை அண்டை உழவரின் இசைவின்றித் தொடராமை. இலக்கையும் அதன் பின்புலத்தையும் ஐயமற அறியாமல் விசையைத் தொடாமை. சுட்டது எத்தனை, தப்பியது எத்தனை, காயத்தோடு ஓடியது எத்தனை என்பதை மறையாமல் உரைத்தல். இவற்றுள் இறுதியானதே கடினமானது. காயம்பட்ட விலங்கைத் தேடி அதன் வேதனையை முடித்து வைக்காமல் வீடு திரும்புவோர்க்கு வேட்டைஞர் என்னும் பெயர் தகாது. பன்றி பயிரை அழிக்கின்றது என்பது உண்மை. எனினும் அது தானாக விரும்பி அக்கண்டத்துக்குக் கப்பலேறவில்லை. நீக்க வேண்டிய உயிருக்கும் வலியற்ற முடிவு உரியது.

இந்நம்பிக்கையை அழிக்கும் இழிசெயல் ஒன்றையும் சொல்லாமல் விடலாகாது. வேட்டை குறையாதிருக்க வேண்டும் என்பதற்காகப் பன்றிகளைப் பிடித்துப் புது நிலங்களில் விடுவோர் உளர். சட்டம் இதனைக் குற்றம் என்கின்றது. நம் பார்வையில் இது குற்றத்தினும் கொடிது. உழவரின் துயரை விதைத்து அதனை அறுவடை செய்யும் செயல் இது. நேர்மையுள்ள வேட்டைச் சங்கங்கள் இத்தகையோரைத் தம்மவர் என்று மறைத்தல் கூடாது. இவர்களை முதலில் காட்டிக்கொடுக்க வேண்டியவை அச்சங்கங்களே.

நல்ல முன்மாதிரியும் உண்டு. தெற்கு ஆஸ்திரேலியாவின் ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடரில் மஞ்சட்கால் பாறை வாலபி என்னும் சிறு கங்காரு இனம் அருகி வந்தது. அதன் மேய்ச்சலைக் காடேறிய வெள்ளாடுகள் கவர்ந்தன. குட்டிகளை நரி தின்றது. 1992-இல் அங்கே பவுன்ஸ்பேக் என்னும் மீட்புத் திட்டம் தொடங்கிற்று. நரிக்கு நச்சிரை வைக்கப்பட்டது. ஆடுகளை நீக்கும் பணியில், 1948-இல் தோன்றிய ஆஸ்திரேலிய விளையாட்டுத் துப்பாக்கியாளர் சங்கத்தைச் சார்ந்த தன்னார்வலர் பூங்கா அலுவலரோடு கைகோத்தனர். தேர்வு பெற்று, வகுத்த எல்லைக்குள், சொன்ன நாளில், கணக்கு ஒப்புவித்து ஆண்டுக்கணக்காகப் பணியாற்றினர். அண்டை மேய்ச்சல் நிலத்தாரும் அத்திட்டத்தில் இணைந்தனர். வாலபி மீண்டது. அம்மலையில் வேட்டைஞர்க்குக் கிடைத்த பரிசு உயிரோடு பாறையில் தாவியது.

இனி நம் நாட்டை நோக்குவோம். இங்கே ஒரு வேறுபாட்டை அழுத்திச் சொல்ல வேண்டும். தமிழகத்துக் காட்டுப்பன்றி வந்தேறி அன்று. தினைப்புனத்துப் பரணிலிருந்து அதனை ஓட்டிய காவலைச் சங்கச் செய்யுள்கள் பாடின. புலிக்கும் சிறுத்தைக்கும் அது இரை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதனைக் காக்கின்றது. ஆகவே ஆஸ்திரேலியர் பன்றியை ஒழிக்க முனைவது போல் நாம் முனைதல் முறையாகாது. ஆனால் மலையடிவாரத்தில் மரவள்ளியும் நிலக்கடலையும் மக்காச்சோளமும் இழந்து நிற்கும் உழவரின் கண்ணீர் அங்குள்ளோர் கண்ணீரினும் குறைந்ததன்று.

ஒழுங்கான வழி அடைபட்டால் கள்ளவழி திறக்கும். இரைக்குள் வெடிமருந்து மறைத்து வைக்கும் அவுட்டுக்காயும் திருட்டு மின்வேலியும் அவ்வாறு பிறந்தவை. 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே பன்றிக்கென இட்ட மின்வேலியில் மூன்று யானைகள் மாண்டன. இரு குட்டிகள் தாயற்று நின்றன. பன்றிக்கு வைத்த பொறி எதனையும் கொல்லும். அதைத் தொட்ட மனிதரும் மாண்ட ஊர்கள் இங்கே உண்டு.

அரசுகள் விழித்துக்கொண்டது நன்று. கேரளம் 2022-இல் ஊராட்சித் தலைவர்க்கு இசைவளிக்கும் அதிகாரம் தந்து, உரிமம் பெற்ற துப்பாக்கியாளர் பட்டியலிலிருந்து ஆள் அமர்த்தச் செய்தது. தமிழக அரசு 2025 சனவரியில் வேறு நெறி வகுத்தது: காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடுவதில்லை, 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடுவது, 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினரே சுடுவது. சுடும் பொறுப்பை யாரிடம் ஒப்படைப்பது என்பதில் இரு மாநிலங்களும் மாறுபடலாம். எவரிடம் ஒப்படைத்தாலும், அவர் உழவருக்கும் ஊருக்கும் கணக்கு ஒப்புவிக்கும் ஏற்பாடு இருத்தல் வேண்டும் என்பதே நம் வேண்டுகோள். முறையீடு வந்த நாளுக்கும் ஆள் வந்த நாளுக்கும் இடைப்பட்ட காலம் ஊராட்சி அலுவலகத்தில் எழுதி ஒட்டப்படட்டும். பயிரிழப்பீடு அடுத்த விதைப்புக்கு முன் உழவர் கைக்கு வரட்டும். அண்டை நிலத்தார் சேர்ந்து காவல் செய்ய ஊர்க்கூட்டங்கள் வழிகாணட்டும். இவை நடந்தால், கள்ள மின்கம்பியை இழுக்கும் கை தானே தாழும்.

உழவரின் நிலத்தில் அவருடைய இசைவே முதற்சட்டம். அதனை மதிப்பவருக்கு அவர் கதவைத் திறக்கிறார். உள்ளே சென்றவர், தம் வேலை முடிந்தபின், அக்கதவைக் கண்டபடியே விட்டு, நடந்ததை நடந்தபடியே சொல்லிச் செல்வாராயின், அடுத்த முறை அவர் கேட்குமுன்பே உழவரின் அழைப்பு வரும்.